ஐம்பது என்றால் பாஸா, ஃபெயிலா?

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டோடு நாலு விசைத்தறி. எட்டு வயது மகனுக்கு ஆட்டிசம். நூல் கோன்களை நிறம் பிரித்து அடுக்கினால் ஒன்றுகூடப் பிசகாதாம். ஆனால் தாகம் எடுத்தால் "அம்மா, தண்ணி" என்று கேட்க மாட்டான். கையைப் பிடித்துப் பானைக்கு இழுத்துப் போவானாம். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'எஸ்.க்யூ. 50' என்று எழுதித் தந்திருக்கிறார்கள். "மாமியார், 'நூத்துக்கு அம்பதுன்னா பாஸ்தானே அம்மிணி'ங்கறாங்க. எனக்கு அழுகையா வருதுங்க அக்கா. அவனுக்குப் பாதி மூளைதானா?" என்று கேட்கிறார்.

இல்லவே இல்லை, அம்மா. இது மூளைக்குப் போட்ட மார்க்கே அல்ல. அன்றாட வாழ்க்கையில் குழந்தை எத்தனை வயதுப் பிள்ளை போல நடந்துகொள்கிறான் என்ற கணக்கு. அமெரிக்காவில் வைன்லாண்டு என்ற ஊரில் இருந்த பள்ளியில், 1935-ல் எட்கர் டால் என்பவர் இதை உருவாக்கினார். நம் நாட்டுக்கு ஏற்றபடி நாக்பூரில் மாலின் என்பவர் மாற்றி அமைத்தார். 15 வயது வரைக்கும் 89 அம்சங்கள். தானே டம்ளரில் குடிக்கிறானா, பட்டன் போடுகிறானா, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகிறானா, கடைக்குப் போய்ச் சின்னச் சாமான் வாங்கி வருகிறானா, இப்படி. வருகிற 'சமூக வயதை' நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்குகிறார்கள். எட்டு வயதுப் பையன் நாலு வயதுக்கு உண்டானதைச் செய்தால் 50. அவ்வளவுதான் சங்கதி. இதில் பாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை.

கேள்விகள் பெரும்பாலும் குழந்தையிடம் அல்ல, உங்களிடம்தான் என்பதை மறக்காதீர்கள். 'செய்ய முடியுமா' என்பதல்ல, 'வழக்கமாகச் செய்கிறானா' என்பதே கேள்வி. காலையில் தறி ஓட்டும் அவசரத்தில் நீங்களே சட்டை மாட்டி, நீங்களே ஊட்டிவிட்டால், "தானே செய்வதில்லை" என்றுதானே பதில் வரும்? அந்த ஐம்பதில் உங்கள் அவசரமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதை அங்கே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுக் கூட்டியும் சொல்ல வேண்டாம். சர்டிபிகேட்டுக்காகக் குறைத்தும் சொல்ல வேண்டாம். இரண்டிலும் நஷ்டம் பையனுக்கே.

இன்னொன்று. பத்து வயதில் மறுபடி பார்க்கும்போது சமூக வயது ஐந்து என்று வந்தால், அப்போதும் எண் 50தான்! "ரெண்டு வருஷமா ஒண்ணுமே கத்துக்கலை" என்று இடிந்துபோகும் தாய்மார்கள் உண்டு. பையன் ஒரு வயதுக்கு உண்டானதைக் கற்றிருக்கிறான். வயதும் கூடவே ஓடியதால் எண் நகரவில்லை. அதனால் எஸ்.க்யூ.வை மட்டும் பார்க்காமல் சமூக வயது எவ்வளவு என்றும் கேளுங்கள்.

ஆட்டிசப் பிள்ளைகளிடம் மொத்த எண் ரொம்பவே ஏமாற்றும். சாப்பாடு, உடை, நடமாட்டம், வேலை, பேச்சுத் தொடர்பு, பழகுதல் என்று அந்தக் கேள்விகள் எட்டுப் பிரிவாக இருக்கின்றன. உங்கள் மகன் உடையில் ஆறு வயதாகவும் பழகுவதில் இரண்டு வயதாகவும் இருக்கலாம். சராசரியில் இரண்டும் மறைந்துபோகும். எந்தப் பிரிவில் எவ்வளவு என்று எழுதி வாங்குவது உங்கள் உரிமை.

ஆட்டிசத்தையே அளக்க வேறு அளவுகோல் இருக்கிறது. செகந்திராபாத்தில் உள்ள தேசிய நிறுவனம் தயாரித்து 2009-ல் வந்த 'இசா'. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க். ஊனமுற்றோர் சான்றிதழுக்கு இதைத்தான் பார்க்கிறார்கள். இங்கே கணக்கு தலைகீழ்: மார்க் கூடக் கூடச் சிரமம் அதிகம். 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 106 வரை லேசானது, 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் குழம்பாதீர்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். கையை இழுக்கிறானே, அதுவும் கேட்பதுதான். பானைக்குப் போகும் முன் டம்ளரை அவன் கையில் கொடுத்து, "தண்ணி" என்று நீங்கள் சொல்லி, ஒரு நொடி காத்திருங்கள். தினமும் அதே மாதிரி. வார்த்தை வராவிட்டாலும் டம்ளரை நீட்டினாலே போதும், உடனே ஊற்றுங்கள். என்றைக்கு நீட்டினான் என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை கேள்வி கேட்கிறவர்களுக்கு உதவும். மாமியாரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் தறியில் நிற்கும் நேரத்தில் பையன் என்ன செய்கிறான் என்பது அவருக்குத்தானே தெரியும்!