ரேடியேட்டருக்குள் ஒரு ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக்

பழைய நிஸான் பாத்ஃபைண்டர் வைத்திருக்கும் அமெரிக்கர் யாரிடமாவது "ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக்" என்று சொல்லிப் பாருங்கள். வயிற்றில் புளியைக் கரைக்கும். சிவப்பு நிற டிரான்ஸ்மிஷன் ஆயிலும் ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட்டும் கலந்தால் வெளிர் ரோஸ் நிறத்தில் நுரைத்துக்கொண்டு ஒரு திரவம் வரும். அதற்கு அங்கே வைத்த செல்லப்பெயர் அது. 2005 முதல் 2010 வரை வந்த பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர், எக்ஸ்டெரா ஆகிய மூன்று வண்டிகளுக்கும் இந்த வியாதி உண்டு.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி ஓட்டியிராதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். அந்த கியர்பாக்ஸில் ஆயில்தான் எல்லாம். சக்தியைக் கடத்துவது, கிளட்சுகளை அழுத்துவது, உராய்வைக் குறைப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது என்று நான்கு ஆள் வேலையை அது ஒன்றே பார்க்கிறது. சூடாகும் ஆயிலை ஆறவைக்க வேண்டுமே? அதற்காக ரேடியேட்டரின் ஆறிய பக்கத்து டேங்குக்குள்ளேயே ஒரு சிறிய கூலரைச் செருகிவிடுகிறார்கள். உள்ளே ஆயில், வெளியே கூலன்ட், நடுவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு. ஜென்மப் பகையாளிகள் இருவரை ஒரே வீட்டில் குடிவைத்து இடையில் ஓலைத்தட்டி கட்டிய கதைதான்.

இதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காற்றைவிட திரவம் சூட்டை நன்றாக வாங்கிக்கொள்ளும், இடம் குறைவு, செலவும் குறைவு. பனிக்காலக் காலையில் இதே கூலர் ஆயிலைச் சீக்கிரம் சூடேற்றியும் கொடுக்கும். லட்சக்கணக்கான வண்டிகளில் இந்த அமைப்பு ஒழுங்காகவே ஓடுகிறது. தட்டி கிழிந்தால் வண்டிக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று யாருமே யோசிக்கவில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். எச்சரிக்கை விளக்கு கிடையாது. பல வண்டிகளில் கியர் ஆயிலைப் பார்க்க டிப்ஸ்டிக்கே கிடையாது, "ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சீல் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். யாருடைய ஆயுளுக்கு என்பதை மட்டும் சொல்வதில்லை!

தகடு விரிசல் விட்டால் என்ன ஆகும்? வண்டி ஓடும்போது பொதுவாக ஆயில் பக்கம்தான் அழுத்தம் அதிகம், ஆகவே ஆயில் கூலன்ட்டுக்குள் போகும். வண்டியை நிறுத்தியதும் ஆயில் பம்ப் நின்றுவிடும், ஆனால் சூடான ரேடியேட்டருக்குள் அழுத்தம் இன்னும் இருக்கும். இப்போது கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போகும். வீட்டு வாசலில் வண்டி சும்மா நிற்கும்போதுதான் கொலை நடக்கிறது. உள்ளே கிளட்ச் தகடுகளின் மேல் ஒட்டியிருப்பது காகித வகைப் பட்டை. அது ஆயிலை விட்டுவிட்டு தண்ணீரை ஆசையாக உறிஞ்சிக்கொள்ளும், பசை இளகும், பட்டை உரியும். கூடவே எலக்ட்ரானிக் சமாச்சாரங்களும் போகும். வண்டி ஒரே வேகத்தில் போகும்போது, கரடுமுரடான ரோட்டில் போவதுபோல் ஒரு நடுக்கம் வரும். சக்கர பேலன்ஸ் போய்விட்டது என்று நினைத்துக் கடைக்குப் போவார்கள், பேலன்ஸும் செய்து தருவார்கள். காசு வாங்கிக்கொண்டுதான்.

கம்பெனி என்ன செய்தது? 2010-ல் அமெரிக்காவில் ரேடியேட்டர் வாரன்டியை 8 வருடம் அல்லது 80,000 மைல் என்று நீட்டியது. போதாது என்று கூட்டு வழக்கு வந்தது. 2012-13 வாக்கில் சமரசம் ஆகி, வரம்பு 10 வருடம் அல்லது 1,00,000 மைல் வரை போனது. ஆனால் 80,000 மைலைத் தாண்டியவர் முதல் 2,500 டாலரைத் தன் பையிலிருந்து போட வேண்டும், 90,000-ஐயும் தாண்டியிருந்தால் 3,000. சில நூறு டாலர் விலையுள்ள ரேடியேட்டரில் வந்த விரிசல், பல ஆயிரம் டாலர் கியர்பாக்ஸைத் தின்றது. அதற்குத் தண்டம் கட்ட வேண்டியவர் வண்டியை ஓட்டியவர். இதை நிவாரணம் என்று சொல்ல ஒரு தனித் தைரியம் வேண்டும். மீட்டரைப் பார்த்தா விரிசல் விடுகிறது தகடு?

அடுத்து மெக்கானிக்குகள். "ஆயிலை மாற்றி இரண்டு தடவை ஃப்ளஷ் அடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அடியில் உள்ள பானைத் திறந்து வடித்தால் பாதி ஆயில்கூட வராது, மிச்சம் டார்க் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். திரும்பத் திரும்ப வடித்து நிறம் தெளிந்துவிட்டாலும், பட்டைக்குள் ஊறிய தண்ணீரை நிறம் காட்டிக்கொடுக்காது. ரோஸ் நிறம் கியர்பாக்ஸுக்குள் வந்துவிட்டால் பிரித்து கிளட்சுகளை மாற்ற வேண்டும், கன்வர்ட்டரையும் மாற்ற வேண்டும். கூலன்ட் பக்கம் மட்டும் கெட்டு, கியர் ஆயில் இன்னும் சுத்தச் சிவப்பாக இருந்தால் பிழைத்தீர்கள். ரேடியேட்டரை மாற்றி, கூலன்ட் வழியை நன்றாகக் கழுவி, ஆயில் பட்டு ஊதிப்போன ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினால் போதும். எதுவானாலும் கண்ணில் பட்ட நிமிடத்தில் எஞ்சினை நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுவதுதான் புத்தி. "வீடு வரைக்கும் மெதுவாக ஓட்டிவிடலாம்" என்றால், கலவையை மூலைமுடுக்கெல்லாம் அனுப்பிவைக்கிறீர்கள்.

இதைவிட மோசம் இன்னொன்று. வேறொரு கியர்பாக்ஸை வாங்கிப் பொருத்திவிட்டு, அதே பழைய ரேடியேட்டரில் குழாயை மாட்டுவது! விஷம் வைத்த கிணற்றில் மறுபடியும் வாளியை விடுகிற வேலை.

வருமுன் காப்பதற்கு ஆகிற செலவை நினைத்தால் இன்னும் கோபம் வரும். ரேடியேட்டரிலிருந்து இரண்டு ஆயில் குழாய்களைக் கழற்றி, முன்னால் காற்றுபடும் இடத்தில் தனி ஆயில் கூலர் ஒன்றை வைத்து அதில் இணைத்துவிட்டால் பகையாளிகள் தனிக்குடித்தனம். கழற்றிய இரண்டு வாய்களையும் மூடிவிட வேண்டும். டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கென்றே உள்ள ஹோஸ்தான் போட வேண்டும். ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே பிளாஸ்டிக் டை செருகிக் கட்டுவது சோம்பேறித்தனம், நாள்பட்ட அதிர்வில் அதுவே ரேடியேட்டரை அறுக்கும். பனி கொட்டும் ஊர் என்றால் ஆயில் சூடாகும் வரை கூலரைத் தவிர்க்கும் தெர்மோஸ்டாட் வால்வும் தேவை, இல்லாவிட்டால் ஆயில் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும். இந்தக் கைவேலைக்கு மனமில்லாதவர்கள், திருத்தி வடிவமைத்த புது ரேடியேட்டரை முன்கூட்டியே போட்டுக்கொள்ளலாம். கூலன்ட்டை மேனுவல் சொல்லும் கெடுவில் மாற்றுவதும் முக்கியம். அதிலுள்ள அரிப்புத் தடுப்பு மருந்து தீர்ந்துபோனால் எந்தக் கம்பெனித் தகடும் அரிக்கத்தான் செய்யும். குழாய்த் தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கெடுதி.

மெக்கானிக்குகளையும் கம்பெனியையும் திட்டியாயிற்று. உரிமையாளர்கள் மட்டும் என்ன யோக்கியம்? விஷயம் தெரிந்தும் "இதுவரைக்கும் ஒன்றும் ஆகலையே" என்று ஓட்டி, நடுக்கம் தொடங்கியதும் அவசர அவசரமாகப் பளபளவென்று கழுவித் துடைத்து விற்றுவிடுபவர்கள் உண்டு. அதை வாங்குபவர் பெரும்பாலும் புது வண்டிக்கு வக்கில்லாதவர். இந்த வரிசையின் கடைசி வண்டிக்கே 15 வயது தாண்டிவிட்டது. 10 வருடக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது, இனிமேல் எந்த வழக்கும் எந்த வாரன்டியும் அவருக்குக் கைகொடுக்காது. அவர் விலை பேசுவதற்கு முன் ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கட்டும், மூடியின் அடியில் விரலால் தடவட்டும். வழவழவென்று ஏதாவது ஒட்டினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டட்டும். ஒட்டவில்லை என்றாலும், ரேடியேட்டர் எந்த வருடம் மாற்றப்பட்டது, பில் இருக்கிறதா என்று கேட்கட்டும். "அதெல்லாம் ஒரிஜினல் பார்ட் சார், கை வைக்கவே இல்லை" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த ஒரு வண்டி விஷயத்தில் அது பெருமை கிடையாது.