புறப்படுவதற்கு முந்திய நாள்

மெல்பர்னைக் காண வந்து அதன் புறநகரான கிளேட்டனில் தங்கும் நம்மவர் தம்பதிகள், விமானமேறுவதற்கு முந்திய முழு நாளையும், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள 'பன்னிரு அப்போஸ்தலர்' பாறைகளைக் கண்டு திரும்பும் அவசரத்துக்கே அர்ப்பணித்துவிடுவது எனக்கு மிகுந்த விசனத்தைத் தருகிறது. முதல் மகாயுத்தத்தில் மாண்ட தோழர்களின் ஞாபகார்த்தமாக, உயிரோடு திரும்பிய போர்வீரர்கள் 1919 முதல் 1932 வரை மலைச்சரிவை வெட்டி அமைத்த அப்பாறைகளுக்கு இட்டுச்செல்லும் கடலோரச் சாலை, உடம்பில் தெம்பும் மனத்தில் அவகாசமும் உள்ள வேறொரு தினத்துக்கு உரியது. 2005இல் அப்பாறைகளில் ஒன்று இடிந்து சரிந்ததை எண்ணினால், அலைகளின் முன் வெகுநேரம் நிற்கவேண்டிய இடம் அது. கடைசி நாளைக் கிளேட்டனுக்கே கொடுக்கலாம். அங்கே 1961இல் வகுப்புகள் தொடங்கிய மோனாஷ் சர்வகலாசாலையின் வளாகத்தில், ஆஸ்திரேலியாவுக்கே உரிய விருட்சங்கள்தாம் வேண்டுமென்று வாதாடிய விலங்கியல் பேராசிரியர் ஜாக் மார்ஷலின் எண்ணப்படி வளர்ந்த யூகலிப்டஸ் நிழலில், நீலகிரியில் நாம் அறிந்த அதே வாசனையை அதன் ஜன்மபூமியிலேயே முகர்ந்தபடி இருவரும் பேசிக்கொண்டு நடக்கட்டும். சாயங்காலம் பெட்டி கட்டும் வேலையில் கணவரும் சரிபாதியை ஏற்றுக்கொண்டால், அந்த அம்மாளுக்கும் அது விடுமுறை நாளாகவே இருக்கும்.