நடுக்கம் நின்ற கை



நம் இதழ் அச்சாகும் அச்சகத்தில் கட்டிங் மிஷின் முன்னால் நிற்பவரை எனக்குப் பதினைந்து ஆண்டுகளாகத் தெரியும். பின் அடித்து வரும் இதழ்களை அடுக்கி, தட்டிச் சமன்செய்து, கத்திக்கு அடியில் வைத்து மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவது அவர் வேலை. நூலளவு பிசகினால் பக்க எண் போய்விடும். கை பிசகினால் விரலே போய்விடும்.

இடையில் நான்கு வருடம் அவரை அந்த மிஷின் பக்கமே விடவில்லை. காலையில் வரும்போதே கை நடுங்கும். “ஒரு கட்டிங் போட்டாத்தான் சார் கை நிக்குது” என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். அச்சகத்தில் கட்டிங் என்றால் சோறு போடும் தொழில். மதுக்கடை வாசலில் கட்டிங் என்றால் ஒரு குவார்ட்டரை இருவர் பங்கு போட்டுக்கொள்வது. இரண்டாவது முதலாவதைத் தின்றுகொண்டிருந்தது. அச்சக முதலாளி அவரைப் பார்சல் கட்டும் வேலைக்கு மாற்றினார். வெளியே அனுப்பவில்லை. அதற்காக அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

நானும் எல்லோரையும் போல, “மனசு வைச்சா விட்டுடலாம்பா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னதற்காக இப்போது வருந்துகிறேன். அவர் மனசு வைக்காமல் இல்லை. ஆரம்ப வருடங்களில் இரண்டு முறை ஐயப்பனுக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் முழுக்கச் சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தவர். மாலையைக் கழற்றிய ராத்திரியே பழைய இடத்துக்குப் போய்விட்டார். மனைவி கோயிலில் கயிறு கட்டிவிட்டார். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். யாரோ விற்ற பொடியைச் சாம்பாரில் கலந்தும் பார்த்தார்.

இந்தப் பொடி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் வரச்செய்யும் மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது, பெயர் டைசல்ஃபிராம். மருத்துவர், பரிசோதனை செய்துவிட்டு, குடிப்பவரின் சம்மதத்தோடு மட்டும் கொடுக்க வேண்டியது அது. தெரியாமல் சாப்பிட்டவர் வழக்கம்போலக் குடித்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ‘சொல்லாமலே குடியை நிறுத்தலாம்’ என்று சுவரொட்டி ஒட்டி விற்கும் பொடியில் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து அதை உங்கள் அடுக்களைக்குள் விடாதீர்கள்.

காலையில் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவதும் ஆபத்துதான். வருடக்கணக்கில் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென்று இல்லாமல் போனால் கொந்தளிக்கும். வியர்க்கும், தூக்கம் வராது, வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். ‘பேய் பிடித்துவிட்டது’ என்று வீட்டார் கோடாங்கியைத் தேடுவார்கள். அந்த நேரத்தில் வேண்டியது மருத்துவமனைப் படுக்கை, பி-1 வைட்டமின் ஊசி, கொந்தளிப்பைத் தணிக்கும் மருந்து. நம்மவர் இந்தக் கட்டத்தை ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில்தான் தாண்டினார்.

நடுங்கும் கை என்றதும் எனக்கு அமெரிக்காவின் அக்ரன் நகரம் நினைவுக்கு வரும். 1935-ல் குடியை நிறுத்தி ஐந்தாறு மாதமே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வேலை விஷயமாகப் போய்த் தோற்று, ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். பக்கத்திலேயே மதுக்கூடம். உள்ளே போகாமலிருக்க, தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியோடு பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தேவாலயங்களுக்குத் தொலைபேசி அடித்து, கடைசியில் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அவர் அறுவை மருத்துவர். ஜூன் 10-ஆம் தேதி ஓர் அறுவை சிகிச்சைக்குக் கிளம்பியபோது அவர் கை நடுங்கியது. நடுக்கத்தை அடக்க ஒரு பீர் கொடுத்தவரே பில்தான். டாக்டர் கடைசியாகக் குடித்தது அதுதான். 1950-ல் இறக்கும்வரை அவர் தொடவில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அந்த நாளைத்தான் தன் பிறந்த நாளாகச் சொல்கிறது.

அந்த அமைப்பின் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. பள்ளி வகுப்பறையிலோ தேவாலயக் கூடத்திலோ சாயங்காலம் கூடி, “நான் ஒரு குடிநோயாளி” என்று சொல்லித் தன் கதையைப் பேசுவார்கள். ‘குடிகாரன்’ என்று தெரு சொன்னதைக் கேட்டுக்கேட்டுக் கூனியவர், அந்த இன்னொரு சொல்லை எடுத்துக்கொண்டு நிமிர்வதை நான் பார்த்திருக்கிறேன். ‘இனி ஆயுசுக்கும் தொட மாட்டேன்’ என்று அங்கே யாரும் சபதம் எடுப்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்கப்போவதில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் குடிநோயால் கணவரை இழந்த மறு வருடமே, 1980-ல், கணவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி மறுவாழ்வு மருத்துவமனை நடத்தினார். அங்கே சிகிச்சை குடித்தவருக்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். இதன் அருமை நம்மவர் வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அவர் அரை மணி தாமதமாக வந்தால் மனைவி ஒன்றும் கேட்கமாட்டார். சட்டையை வாங்கி மடிப்பதுபோல முகர்ந்து பார்ப்பார். மகள் அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே நடையை அளப்பாள். “நான்தான் விட்டுட்டேனே, இன்னும் ஏன் சார் நம்ப மாட்டேங்கிறாங்க?” என்றார். பத்து வருடம் உடைந்ததை இரண்டு மாதத்தில் ஒட்டச் சொல்லி எப்படிக் கேட்பது? அந்த அம்மாவுக்குச் சந்தேகப்பட முழு உரிமை உண்டு. அவருக்கும் ஆற வேண்டிய காயம் இருக்கிறது.

ஐந்தாவது மாதம் ஒரு சாவு வீட்டில் அவர் சறுக்கினார். உறவினர்கள்தான் ஊற்றிக் கொடுத்தார்கள், “துக்கத்துக்கு ஒண்ணே ஒண்ணு” என்று. நிறுத்தியவரிடம் அந்த ஒன்றை நீட்டுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. மறுநாள் மாலை அவரே குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று சொன்னார். மறுபடி ஒன்றாம் நாளிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

2003 முதல் அரசே சில்லறையாக மது விற்கும் மாநிலம் இது. விற்கிற கைக்கே வைத்தியம் பார்க்கும் கடமையும் உண்டு. கடை இருக்கும் ஊரிலெல்லாம் சிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அதுவரை, உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காலையில் கை நடுங்குகிறதென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணில் போதைமீட்பு ஆலோசனை கிடைக்கும். குடிப்பவர்தான் பேச வேண்டுமென்பதில்லை, நீங்களும் பேசலாம்.

போன தீபாவளி மலர் வேலையின்போது மிஷின்காரர் லீவு. அச்சக முதலாளி ஒன்றும் பேசாமல் நம்மவரைக் கூப்பிட்டு மிஷின் முன்னால் நிற்கவைத்தார். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் கத்தி இறங்கும். அழுத்துவதற்கு முன் அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றிலிருந்து மிஷின் அவருடையது. இதை எழுதலாமா என்று கேட்டேன். “பேர் மட்டும் வேண்டாம் சார்” என்றார்.

உங்கள் கையிலிருக்கும் இந்த இதழின் ஓரத்தை வெட்டியதும் அவர்தான்.

அன்புடன்,
ஆசிரியர்