சாட்சி சொன்ன குற்றம்

2024 ஜூலை 2 அன்று கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் நீதிமன்றம் பத்துப் பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. பதின்மரும் ‘மதர் நேச்சர் கம்போடியா’ என்னும் சூழலியல் அமைப்பைச் சார்ந்தோர், பெரும்பாலோர் இளைஞர். அரசுக்கு எதிராகச் சதி செய்ததாக எழுவருக்கு ஆறாண்டு. சதியோடு மன்னரை இழிவுபடுத்தியதாகவும் கூறி மூவருக்கு எட்டாண்டு. தீர்ப்பு நாளில் வந்திருந்தோர் நீதிமன்றத்துக்குள் செல்ல மறுத்தனர். கெமர் மக்கள் சாவு வீட்டில் அணியும் வெள்ளுடை தரித்து வாயிலுக்கு வெளியே தெருவில் அமர்ந்தனர். அங்கிருந்தே அவர்களைக் காவலர் இழுத்துச் சென்றனர். பதின்மருள் அன்று சிறைப்பட்ட ஐவரும் வெவ்வேறு மாகாணச் சிறைகளுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர்.

சதி என்னும் சொல் கனமானது. படை திரட்டுவோரையும் ஆட்சியைக் கவிழ்க்கக் கருவி தேடுவோரையும் குறிக்கவே சட்டம் அதை வைத்திருக்கிறது. இவ்விளைஞர் செய்தவையோ வெட்டவெளியில், அனைவரும் காண நிகழ்ந்தவை. 2021 ஜூனில் அவர்களுள் மூவர் கைதானபோது, அரண்மனைக்கு அருகே தொன்லே சாப் ஆற்றில் கழிவுநீர் கலப்பதைப் படம்பிடித்ததே அவர்களது அண்மைய வேலையாக இருந்தது. அதற்கு முன்பு, 2020இல், தாமொக் ஏரி தூர்க்கப்படுவதை எதிர்த்து ஓர் இளம்பெண் தன்னந்தனியே பிரதமர் இல்லம் நோக்கி நடக்க எண்ணினார். நடப்பதற்குள் அவரும் தோழர் இருவரும் கைதாயினர்; கலவரம் தூண்டியதாக மூவருக்கும் தண்டனை கிடைத்தது. தனியொருத்தியின் நடைக்கு அஞ்சும் அரசை வலிமையுள்ள அரசென்று எவ்வாறு சொல்வது?

இவ்வமைப்பின் தோற்றத்தை நினைவுகூர்தல் வேண்டும். தென்மேற்கே ஏலமலைத் தொடரின் அரெங் பள்ளத்தாக்கில் சோங் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அருகிவரும் சயாம் முதலைக்கு அங்குள்ள ஆறு ஒரு புகலிடம். அங்கே சீன நிறுவனமொன்று நீர்மின் அணை கட்ட முற்பட்டபோது, 2013 வாக்கில் நகரத்து இளைஞரும் பௌத்தத் துறவியரும் ஊராருடன் கைகோத்தனர். துறவியர் மரங்களுக்குக் காவித்துணி சுற்றி அவற்றைத் துறவு பூண்டவையாக்கினர். 2014இல் ஊர்மக்கள் சாலையை மறித்து அணைப் பணியாளரைத் திருப்பி அனுப்பினர். 2015 பிப்ரவரியில் அமைப்பின் நிறுவனருள் ஒருவரான ஸ்பானியர் அலெஹாந்திரோ கொன்சாலெஸ்-டேவிட்சனை அரசு நாடு கடத்தியது. ஆயினும் அதே மாதத்தில் அணைத் திட்டத்தைத் தள்ளிவைப்பதாகப் பிரதமர் ஹுன் சென் அறிவிக்க நேர்ந்தது. பள்ளத்தாக்கு மூழ்காமல் தப்பியது.

அடுத்தது மணல். கோ காங் மாகாணத்தின் கழிமுகங்களில் உறிஞ்சு படகுகள் இரவும் பகலும் மணலை அள்ளின. கரைகள் சரிந்தன, அலையாத்திக் காடுகளை ஒட்டி நண்டு பிடித்து வாழ்ந்தோரின் வலைகள் வெறுமையாயின. அள்ளிய மணலின் பெரும்பகுதி சிங்கப்பூரின் கடற்பரப்பை நிலமாக்கச் சென்றது. 2007 முதல் கம்போடியாவிலிருந்து 7 கோடி டன்னுக்கு மேற்பட்ட மணல், சுமார் 75 கோடி டாலர் மதிப்பில் வந்ததாகச் சிங்கப்பூரின் இறக்குமதிக் கணக்கு ஐ.நா. வணிகத் தரவில் பதிவாகியிருந்தது. அதே தரவில் கம்போடியா காட்டிய ஏற்றுமதி மதிப்போ 50 இலட்சம் டாலர் அளவே. இவ்விரு எண்களுக்கும் நடுவே மறைந்த செல்வம் யாருடையது, யாரிடம் சேர்ந்தது என்று 2016இல் இளைஞர் கேட்டனர். அக்கேள்வியை நாடே கேட்டது. 2017 ஜூலையில் மணல் ஏற்றுமதிக்கு அரசு முற்றாகத் தடை விதித்தது. அவ்வாண்டே அதே கடற்கரையில் மணல் கப்பல்களைப் படம்பிடித்த இளைஞர் இருவர் சிறைசென்றனர். தடையைப் போட்ட அரசு, தடை மீறப்படுகிறதா என்று பார்த்தவரைத் தண்டித்த இந்நிகழ்ச்சியை நாம் எளிதில் கடந்துவிட இயலாது.

தலைநகரின் ஏரிகள் கதையும் இவ்வாறே. புனோம் பென் மேக்கொங், தொன்லே சாப், பாசாக் ஆறுகள் கூடுமிடத்துத் தாழ்நிலம். மழைவெள்ளத்தை ஏந்தவும் நகரின் கழிவுநீரை வடிக்கவும் அதன் ஏரிகளும் சதுப்புகளுமே பல்லாண்டு துணைநின்றன. அச்சதுப்புகளில் வள்ளைக்கீரை பயிரிட்டுப் பிழைத்த குடும்பங்கள் பல. ஏரிகளில் பாதிக்கு மேற்பட்டவை இன்று மண்மூடிக் கட்டடங்களாகிவிட்டன. பொயுங் காக் ஏரி 2008 முதல் மணலால் நிரப்பப்பட்டு, கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற்றப்பட்டபோது உலக வங்கியே கம்போடியாவுக்குப் புதிய கடனை நிறுத்தியது. எஞ்சியவற்றுள் பெரிதான தாமொக் ஏரியும் துண்டுதுண்டாகத் தனியார்க்கும் அரசுத் துறைகளுக்கும் பங்கிடப்பட்டு வருகிறது.

இந்நாட்டுக்கு நீர் எத்தகையது என்பதை அறிந்தோர்க்கே இதன் கொடுமை முழுதும் புலப்படும். மழைக்காலத்தில் மேக்கொங்கின் வெள்ளம் தொன்லே சாப் ஆற்றைத் திசைதிருப்பி மேல்நோக்கிப் பாயச் செய்கிறது. சுமார் 2,500 சதுர கிலோமீட்டர் ஏரி 15,000 வரை விரிகிறது. வெள்ளக்காட்டில் மீன் முட்டையிட்டுப் பெருகுகிறது. நீர் வடியும் காலத்தில் அம்மீனே மக்களுக்கு உணவு, நொதிக்கவைத்த மீன்விழுதான பிரஹோக், கைக்காசு, எல்லாம். ஆற்றுப்படுகையில் மணல் அள்ள அள்ளப் படுகை தாழ்கிறது. படுகை தாழ்ந்தால் வெள்ளம் ஏரிக்குள் ஏறுவது தளர்கிறது. மணலைக் காக்க நின்றவர் நாட்டின் உணவைக் காக்க நின்றவர். இதை அறிய அரசுக்கு ஒற்றர் படை வேண்டியதில்லை. சொந்த மக்களின் பேச்சைக் கேட்டால் போதும்.

சுற்றுச்சூழலில் இளைஞர் ஈடுபடுவதைக் கம்போடிய அரசு வெறுப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். நெகிழிப் பைகளைத் துறக்கும் இயக்கத்தைச் சுற்றுச்சூழல் அமைச்சே மாணவரிடம் கொண்டுசெல்கிறது. அது நற்பணியே, குறைகூற ஒன்றுமில்லை. ஆனால் எல்லை எங்கே வகுக்கப்படுகிறது என்று நோக்குக. கரையில் கிடக்கும் பையைப் பொறுக்கலாம்; கரையை விற்றவர் பெயரைக் கேட்கலாகாது. மரக்கன்று நடலாம், வெட்டுமரம் ஏற்றிய வண்டியை மறிக்கலாகாது. ப்ரே லாங் காட்டைத் தாமே சுற்றிவந்து காத்த ஊரார் வலையமைப்புக்கு 2015இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது. 2020இல் அவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் மரவழிபாட்டுக்கே காட்டுக்குள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. 2015இல் இயற்றப்பட்ட அரசுசாரா அமைப்புச் சட்டம் பதிவில்லாக் குழுக்களின் பணியைத் தடைசெய்தது. மதர் நேச்சரும் 2017இல் தன் பதிவை இழந்தது.

மதர் நேச்சரின் போராட்டங்களுக்கெல்லாம் முன்னே, 2012 ஏப்ரல் 26 அன்று, காடழிப்பைத் துப்பறிந்து வந்த சுட் வுட்டி கோ காங் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்குப் பின் காட்டுக்குச் சென்ற ஒவ்வோர் இளைஞரும் அச்சாவை அறிந்தே சென்றார். 2023இல் மதர் நேச்சருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது வழங்கப்பட்டபோது, வழக்கில் சிக்கியிருந்தோர் ஸ்டாக்ஹோம் சென்று அதைப் பெறவும் நீதிமன்றம் இசையவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் தந்தை ஹுன் சென்னிடமிருந்து மகன் ஹுன் மானெட் ஆட்சிப் பொறுப்பேற்றார். புதிய தலைமுறை ஆள வந்ததென்று உலகம் வாழ்த்தியது. அடுத்த ஆண்டே அதே தலைமுறையின் நேர்மையான பிள்ளைகள் சிறைக்குப் போயினர்.

கம்போடிய அரசமைப்பின் 59ஆம் பிரிவு, சுற்றுச்சூழலையும் இயற்கை வளங்களின் சமநிலையையும் காக்கும் கடமையை அரசின் தோளில் ஏற்றுகிறது. அக்கடமையை அரசு மறந்த இடங்களில் இளைஞர் நினைவூட்டினர். ஆண்டு முழுதும் ஆற்றையும் காட்டையும் நோக்கியிருக்கும் கண்கள் எந்த அமைச்சுக்கும் இல்லை. அவற்றை மூடிவிட்டால் ஏரி தூர்ந்ததும் கழிவு கலந்ததும் மணல் போனதும் ஆள்வோர்க்கே தெரியாமல் போகும். வெள்ளம் வீதிக்கு வந்த பின்னரே தெரியும்.

பழி கம்போடியாவோடு நிற்கவில்லை. விடுதலை பெற்றபோது 600 சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்த சிங்கப்பூர் இன்று 700ஐக் கடந்து பரந்திருப்பதில் அண்டை நாடுகளின் மணலுக்குப் பங்குண்டு. அந்நிலத்தில் தமிழரும் வாழ்கின்றனர். இவ்வழக்கு நமக்கு அயலானதன்று. கொள்முதல் வணிக முறையில் நடப்பது, வழங்குவோர் தத்தம் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோர் என்பது சிங்கப்பூர் அரசின் விடை. மணல் எடுக்கும் நாட்டில் கேள்வி கேட்போரையே சட்டம் சிறையிடும்போது அவ்விடை போதாது. மணல் எந்த ஆற்றிலிருந்து, யார் உரிமத்தில், எவ்வளவு வந்ததென்ற கணக்கை வாங்குவோரும் வெளியிடவேண்டும்.

பசுமைத் திட்டங்களுக்கென்று கம்போடியாவுக்கு நிதி வழங்கும் ஐரோப்பிய, கிழக்காசிய அரசுகளிடமும் ஒன்று கேட்கிறோம். பயிலரங்கமும் மரநடு விழாவும் உங்கள் அறிக்கைகளை நிரப்பும்; அவை போதுமென்று அமையாதீர். அடுத்த நிதிப் பேச்சில் அப்பதின்மரின் தண்டனையை நீக்குவதும், 2015ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துவதும் முதற்பொருளாக இடம்பெறட்டும். புனோம் பென் அரசு செய்யவேண்டியதோ இதைவிட எளியது: தீர்ப்பை விலக்கி, எஞ்சிய ஏரிகளின் உரிமப் பட்டியலைக் குடிமக்கள் பார்வைக்கு வைக்கட்டும்.