அட்டையின் நிறம்

மியன்மாரில் ஒருவர் யார் என்பதை அவர் கையில் இருக்கும் அட்டையின் நிறம் சொல்லிவிடும். ஜெனரல் நெ வின் ஆட்சியின் 1982 குடியுரிமைச் சட்டப்படி முழுக் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு, அடுத்த இரு படிகளில் இருப்பவர்களுக்கு நீலமும் பச்சையும். 1823க்கு முன்பே அம்மண்ணில் வாழ்ந்ததாக அரசு ஏற்கும் இனத்தவரே பிறப்பால் குடிமக்கள். அப்படி ஏற்கப்பட்ட 135 இனங்களில் ரோஹிங்கியா இல்லை. இன்று ரக்கைன் எனப்படும் அரக்கானில் தலைமுறைகளாக உழுதவர்கள் அரசின் வாயில் ‘வங்காளிகள்’ ஆனார்கள்.

துரத்தல் சட்டத்துக்கும் மூத்தது. 1978இல் குடியேற்றச் சோதனை என்ற பெயரில் நடந்த ‘நாகமின்’ நடவடிக்கையில் சுமார் 2 லட்சம் பேர் வங்கதேசத்துக்கு ஓடினர். 1991-92இல் மேலும் இரண்டரை லட்சம் பேர். திரும்பி வந்தவர்களுக்கு வெள்ளை அட்டை கிடைத்தது. தற்காலிகம்தான், குடியுரிமை ஆகாது; ஆனாலும் 2010 தேர்தலில் அதைக் காட்டி வாக்களித்தார்கள். 2015இல் அதுவும் செல்லாது என்றானது. வடக்கு ரக்கைனில் அடுத்த ஊருக்குப் போகவும் திருமணம் செய்யவும் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. இந்த அட்டைகளுக்கும் அனுமதிகளுக்கும் துப்பாக்கி தேவைப்படவில்லை, எழுத்தர்களே போதும்.

துப்பாக்கி 2017 ஆகஸ்ட் 25க்குப் பின் முன்பில்லாத அளவில் வந்தது. ரோஹிங்கியா ஆயுதக் குழு ஒன்று காவல் நிலையங்களைத் தாக்கியதைக் காரணம் காட்டி ராணுவம் ஊர் ஊராகக் கொளுத்தியது. 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றைக் கடந்தும் நில எல்லை வழியாகவும் வங்கதேசத்துக்குத் தப்பினர். இன் தின் கிராமத்தில் 10 பேர் கொல்லப்பட்டதைத் துப்புத் துலக்கிய ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் இருவர் 500 நாட்களுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். கொன்றதாகத் தண்டனை பெற்ற சிப்பாய்கள் ஓராண்டு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார்கள்.

அங்கே காக்ஸ் பஜாரின் குட்டுபாலாங் முகாமில் மூங்கிலும் தார்ப்பாயும்தான் வீடு. மழையில் மலைச்சரிவு கரையும், கோடையில் தீப்பிடிக்கும். வங்கதேசம் இவர்களை ‘அகதி’ என்று எழுதுவதில்லை. ‘வலுக்கட்டாயமாக இடம்பெயர்க்கப்பட்ட மியன்மார் நாட்டவர்’ என்கிறது. சொந்த நாடு மறுத்த அடையாளம் அயலாரின் பதிவேட்டில் கிடைத்திருக்கிறது. நன்கொடை வற்றியதால் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவுப்படி 2023இல் 8 டாலராகக் குறைந்தது.

காம்பியா 2019இல் மியன்மார் மீது தொடுத்த வழக்கில் இனப்படுகொலையைத் தடுக்கும்படி சர்வதேச நீதிமன்றம் 2020 ஜனவரியில் இடைக்கால ஆணையிட்டது. மியன்மார் தரப்பை வாதாட ஹேக் சென்றவர் அப்போது அரசை வழிநடத்திய ஆங் சான் சூச்சி. 2021இல் ஆட்சியைப் பிடித்த அதே ராணுவம் அவரைச் சிறையில் அடைத்தது.

2024இல் ரக்கைன் இன ஆயுதக் குழுவான அரக்கான் ராணுவத்திடம் ஊர்களை இழந்துகொண்டிருந்த ராணுவ ஆட்சியாளர்கள், குடிமக்களுக்கு மட்டுமே பொருந்தும் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைக் கொண்டு ரோஹிங்கியா இளைஞர்களைப் பிடித்துச் சென்றார்கள். போரிட்டால் குடியுரிமை அட்டை தருவதாகவும் ஆசை காட்டினார்கள்.