முகாம் போட்டால் போதுமா? டெல்டா மஹல்லாக்களும் சர்க்கரை நோய் ஆய்வும்

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழகத்தில் மட்டும் இது 14.4 சதவீதம். 'லான்செட்' குழும மருத்துவ இதழில் 2023 ஜூனில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன இந்தக் கணக்கு அப்போது எல்லாச் செய்திகளிலும் வந்தது. அதே ஆய்வின் முந்தைய கட்ட முடிவுகள் 2017-ல் வெளியானபோது தெரியவந்த ஒரு விஷயம்தான் பலர் கண்ணில் படவில்லை. தமிழகம் போன்ற வசதியான மாநிலங்களின் நகரங்களில், பணக்காரர்களைவிட வருமானம் குறைந்தவர்களிடம்தான் இந்நோய் அதிகமாக இருந்தது. 'பணக்கார வியாதி' என்று நாம் சொல்லி வந்த பேச்சு அத்தோடு முடிந்தது.

அதிராம்பட்டினம், அய்யம்பேட்டை, ராஜகிரி, கூத்தாநல்லூர் போன்ற நம் ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் வளைகுடாவில் சம்பாதிப்பவரின் குடும்பம், அடுத்த தெருவில் அன்றாடக் கூலிக்குப் போகும் குடும்பம். இரண்டு வீட்டிலும் மூன்று வேளையும் அரிசிதான். ஆனால் ஒருவர் சென்னைக்குப் போய் கண், சிறுநீரகம், பாதம் எல்லாம் பரிசோதித்து வருவார். மற்றவர் காலில் புண் ஆறாதபோதுதான் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பார்.

அரிசியைப் பற்றி இங்கே பேசுவது சற்றுச் சங்கடமானது. தஞ்சை விவசாயியின் பிழைப்பே நெல்லில்தான் இருக்கிறது. ஆனாலும் 21 நாடுகளில் 1 லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்த 'ப்யூர்' ஆய்வு 2020-ல் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. தெற்காசியாவில் தினமும் 450 கிராமுக்கு மேல் வெள்ளை அரிசிச் சோறு உண்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட 61 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது. அதற்காகச் சோற்றை விடு என்று சொல்வது மருத்துவமும் அல்ல, விவேகமும் அல்ல. எவ்வளவு சோறு, எவ்வளவு தீட்டிய அரிசி, கூட என்ன பருப்பும் காயும் என்பதே கேள்வி. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்து மிகுந்த ஒரு வெள்ளை அரிசியின் சர்க்கரை ஏற்றும் குறியீடு 61 ஆகவும், சாதாரண வெள்ளை அரிசியின் குறியீடு 79 ஆகவும் இருந்தது. அரிசியையே மாற்றவும் வழி இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

ஆய்வு எப்போது ஊருக்குப் பயன்படுகிறது என்பதற்கு நம் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள சுணாம்பேடு பகுதியில் 2006-ல் அதே அறக்கட்டளை 42 கிராமங்களில் பணியைத் தொடங்கியது. கிராம மேம்பாட்டு அமைப்பு ஒன்று கைகோத்தது. இஸ்ரோ செயற்கைக்கோள் தொடர்பு தந்தது. ஊர்ப் பிள்ளைகளையே பயிற்றுவித்து வேலைக்கு எடுத்தார்கள். பரிசோதனை வண்டி வீட்டருகே வந்து விழித்திரைப் படம் எடுத்துச் சென்னை மருத்துவருக்கு அனுப்பியது. 27 ஆயிரம் பெரியவர்களில் 86 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி ஒரே ஆண்டில் 9.3-லிருந்து 8.5-க்கு இறங்கியது. ஒரு நாள் பந்தல் போட்டு, சர்க்கரை அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் இலவச முகாமுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே மருத்துவம் ஊரிலேயே தங்கியது.

இதைவிட நமக்கு நெருக்கமான பாடம் வங்கதேசத்தில் கிடைக்கிறது. ஃபரீத்பூரும் ஆற்றுப் பாசன நெல் பூமி, முஸ்லிம்கள் பெரும்பான்மை. 1956-ல் டாக்டர் முகம்மது இப்ராஹிம் தொடங்கிய வங்கதேச நீரிழிவு சங்கமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து 96 கிராமங்களை மூன்றாகப் பிரித்தன. ஒரு பகுதி கிராமங்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுக்களாக மாதம் ஒருமுறை, மொத்தம் 18 மாதம் கூடினார்கள். ஏன் நடக்க முடியவில்லை, என்ன சமைக்கிறோம், என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். இன்னொரு பகுதிக்குச் செல்போனில் குரல் செய்திகள் போயின. மூன்றாவது பகுதி வழக்கம்போல் இருந்தது. 2019-ல் முடிவு வந்தது. செய்தி கேட்டவர்களுக்கு அறிவு கூடியது, நோய் குறையவில்லை. கூடிப் பேசிய கிராமங்களிலோ, சர்க்கரை நோயோ அதன் முந்தைய நிலையோ இருக்கும் வாய்ப்பு 64 சதவீதம் குறைந்திருந்தது.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் தினமும் வரும் வெந்தயம், பாகற்காய்க் குறிப்புகள் ஏன் எதையும் மாற்றவில்லை என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

மேலும், ஃபரீத்பூரில் பெண்களுக்குத் தனிக் கூட்டம் இருந்தது. நம் ஊர்களில் கணவர் வெளிநாட்டில் இருக்க, தெருவில் தனியாக நடைப்பயிற்சி போகத் தயங்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! பள்ளிவாசல் அறிவிப்பு அவர்களுடைய காதில் விழும், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. மதரஸா வளாகத்தில் மாலை ஒரு மணி நேரம் பெண்களுக்கென்று ஒதுக்கினால், குழுவும் கூடும், நடையும் நடக்கும்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறது. ஆனால் 2020-ல் எடுக்கப்பட்ட தமிழக ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. இவ்வளவு பெரிய இடைவெளியை மாத்திரையால் மட்டும் அடைக்க முடியாது.

ரமலானைப் பாருங்கள். இந்தியா உட்பட 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நோயாளிகளிடம் 2001-ல் நடந்த 'எபிடியார்' ஆய்வில், இரண்டாம் வகை நோயாளிகளில் ஏறத்தாழ 79 சதவீதம் பேர் குறைந்தது 15 நாளாவது நோன்பு வைத்திருந்தார்கள். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது மற்ற மாதங்களைவிட ஏழரை மடங்கு கூடியிருந்தது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை தெரிந்தும் நோன்பை விட மனம் வராது, அதுதான் நிலவரம். எனவே ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தைச் சரிசெய்ய வேண்டும் என்கிறது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமலான் வழிகாட்டி. விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்றும், 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதை ஷஅபான் முதல் வாரத்திலாவது இமாமும் மருத்துவரும் ஒரே மேடையில் உட்கார்ந்து சொல்லலாமே.

நோன்புக் கஞ்சியையும் ஆய்வுக்குக் கொடுக்கலாம். ஓர் உணவின் சர்க்கரை ஏற்றும் குறியீட்டை அளக்க ஆரோக்கியமான பத்துப் பேர் போதும். ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியும், உணவுத் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமும் இருக்கின்றன. அதிராம்பட்டினத்தில் 1955-ல் தொடங்கப்பட்ட காதிர் முகைதீன் கல்லூரி இருக்கிறது. நான்கும் ஒரே மாவட்டத்தில். இவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்க ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது.

கடிதத்திலேயே நிபந்தனைகளையும் எழுதிவிடுவது நல்லது. ஒப்புதல் படிவம் புரியும் தமிழில் இருக்க வேண்டும். ரத்தம் கொடுத்தவருக்கு அவருடைய முடிவு கைக்கு வர வேண்டும். நோய் கண்டுபிடிக்கப்பட்டால் அடுத்து எங்கே போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். ஆய்வின் முடிவு ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். பெயரும் வீடும் வெளியே போகக் கூடாது. பெண் கேட்டு வரும் வீட்டில் 'அந்தப் புள்ளைக்குச் சுகராமே' என்ற பேச்சுக்குப் பயந்தே பரிசோதனைக்கு வராத குடும்பங்கள் நம்மிடம் உண்டு.