ஜன்னலில் ரெண்டு விரல்

கல்பாக்கத்தில் குளிர்காலம் என்பது ஒரு வதந்தி. மார்கழி பிறந்ததும் புதுப்பட்டினம் டீக்கடையில் நாலு பேர் குரங்குக் குல்லாயோடு உட்கார்ந்து, 'என்னா குளிரு சார்!' என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்வார்கள். தெர்மாமீட்டரைப் பார்த்தால் இருபத்தொரு டிகிரி. இந்த ஊர்க் குளிருக்கு இருக்கிற ஒரே சாட்சி, பாத்ரூம் அலமாரியில் உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெய். அதுவும் பத்து நிமிஷம் வெயிலில் வைத்தால் பிறழ்சாட்சி ஆகிவிடும்.

நானும் அந்தக் குல்லாய் கோஷ்டிதான். 2024 டிசம்பர் வரைக்கும்.

என் அக்கா வீட்டுக்காரர் சங்ககிரியில் லாரி டிரைவர். ஒருநாள் போன் வந்தது.

"மாப்ள, டெல்லிக்கு லோடு. அங்கிருந்து காஷ்மீருக்கு ஒண்ணு புடிச்சுத் தர்றேன்னு புரோக்கர் சொல்றாரு. கிளீனர் பையன் குளிருக்குப் பயந்து வரமாட்டேங்கறான். நீ சும்மாதான இருக்கே?"

(பத்திரிகைக்கு எழுதுவதை என் சொந்தபந்தங்கள் 'சும்மா இருப்பது' என்றுதான் சொல்வார்கள்.)

"வழி தெரியுமா மாமா?"

"இதுல என்ன வழி? சேலத்துல ஏறுனா ஸ்ரீநகர்ல இறங்கிக்கலாம். ஒரே ரோடு."

உண்மைதான். 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலை. கன்னியாகுமரியில் ஆரம்பித்து நாமக்கல், சேலம், கிருஷ்ணகிரி வழியாகப் போய் ஸ்ரீநகரில் முடிகிறது. முதல் மூன்று நாள் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கேபினிலேயே சமையல், கேபினிலேயே தூக்கம். அமெரிக்கா, கனடா பக்கமெல்லாம் வண்டிக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு, பனிக்காட்டில் போய் நாலு நாள் தங்கிவிட்டு வருவதை ஒரு பொழுதுபோக்காகவே செய்கிறார்கள். செலவு செய்து! நம் ஊரில் அதற்கு டிரைவர் உத்தியோகம் என்று பெயர். வருஷம் பூராவும் உண்டு.

போகும்போது ஒன்றும் ஆகவில்லை. லோடு இறக்கி, ஆப்பிள் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மாட்டிக்கொண்டோம். டிசம்பர் 27. காசிகுண்ட் பக்கத்தில் பஞ்சு மெத்தையைக் கிழித்துக் கொட்டினமாதிரி பனி. அங்கே 2021-ல் திறந்த எட்டரைக் கிலோமீட்டர் சுரங்கப்பாதை இருக்கிறது. அதற்குள் ஒரு பொட்டுப் பனி கிடையாது. சுரங்கத்துக்குப் போய்ச் சேருகிற ரோட்டில்தான் பனி! முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் லாரி. ஒரு வாரம் முன்னால்தான் ஸ்ரீநகரில் மைனஸ் எட்டரை டிகிரி அடித்து, டிசம்பர் மாசத்துக்கு ஐம்பது வருஷத்தில் இல்லாத குளிர் என்று எழுதியிருந்தார்கள்.

ஆப்பிளுக்கு வைக்கோலும் தார்பாயும் இருந்தன. எங்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி.

"மாமா, இன்ஜினைப் போட்டு விடுங்களேன். ஹீட்டர் ஓடட்டும்."

மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேபின் ஹீட்டர் என்பது தனிச் சாமான் இல்லை. இன்ஜினின் சூட்டுத் தண்ணீரைத்தான் கேபினுக்குத் திருப்பி விடுகிறது. இன்ஜின் நின்றால் கொஞ்ச நேரத்தில் சூடும் அவுட்.

"மணிக்கு ரெண்டு லிட்டர் குடிக்கும். நீதான் பி.காம். ஆச்சே, கணக்குப் போடு."

போட்டேன். சாயங்காலம் அஞ்சரைக்கு இருட்டினால் காலை ஏழரைக்குத்தான் விடியும். பதினாலு மணி நேரம், இருபத்தெட்டு லிட்டர், லிட்டர் தொண்ணூறு ரூபாய். ஒரு ராத்திரிக்கு 2,520 ரூபாய். அந்தக் காசுக்கு மாமல்லபுரத்தில் ஏ.சி. ரூம் போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபோது சென்னையில் லிட்டர் அறுபது ரூபாய்க்கு உள்ளேதான் இருந்தது. 2017 ஜூனிலிருந்து தினமும் காலையில் ராசிபலன் மாதிரி புது விலை. 2021 அக்டோபரில் நூறைத் தாண்டியது. அப்புறம் வரியைக் குறைத்துக் கொஞ்சம் இறக்கினார்கள். பழைய அறுபது மட்டும் திரும்பி வரவில்லை. "அப்பெல்லாம் பத்து லிட்டர் முன்னப்பின்ன ஆனா ஓனர் கேக்க மாட்டாரு. இப்ப அரை லிட்டருக்கு விசாரணைக் கமிஷன்" என்றார் மாமா. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மைலேஜ் கணக்கு. மேலே போனால் பேட்டாவில் கை வைப்பார்கள்.

சரி, இன்ஜினை ஒரேயடியாக நிறுத்திவிடலாமா? அதுவும் கூடாது. எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு நேர்வதுதான் டீசலுக்கும். கடுங்குளிரில் அதிலிருக்கிற மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். இதற்கென்றே இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் ஒரு குளிர்கால டீசல் கொண்டுவந்தது. மைனஸ் 33 டிகிரியிலும் உறையாதாம். ஆனால் அது லடாக்குக்கு. எங்கள் டேங்கில் இருந்ததோ டெல்லிச் சரக்கு.

கடைசியில் மாமா ஒரு டைம்டேபிள் போட்டார். மணிக்குக் கால் மணி நேரம் இன்ஜின். பாக்கி முக்கால் மணி கம்பளி. மறுபடி ஸ்டார்ட் பண்ணும் முன்னால் ஒருத்தர் இறங்கி, சைலன்சர் குழாயை மூடின பனியைத் தள்ளிவிட வேண்டும். அந்த ஒருத்தர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

ராத்திரி பதினோரு மணி இருக்கும். பக்கத்து லாரிக்காரப் பையன் ஒருத்தன் தகர டப்பாவில் கரி நெருப்புப் போட்டு எடுத்துவந்து, எங்களுக்கும் கொஞ்சம் வேண்டுமா என்றான். நான் பாய்ந்து கை நீட்டினேன். மாமா கதவை அடைத்துவிட்டார்.

"ஏன் மாமா? ஓசிதானே!"

"குளிர்ல செத்தா முழிச்சுக்கிட்டாவது சாவோம். கரியில செத்தா நமக்கே தெரியாது."

மூடின இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் சுகமான தூக்கம். அவ்வளவுதான். வடநாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேப்பரில் இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. மாமா அத்தோடு விடவில்லை, எங்கள் ஜன்னலையும் ரெண்டு விரல் அளவுக்கு இறக்கிவிட்டார். 'ஹோ'வென்று காற்று. அவரை நான் மனசுக்குள் திட்டியதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

ரெண்டு மணி ஷிஃப்டுக்கு நான் இறங்கினபோது அந்தப் பையனின் லாரியைப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் உள்பக்கம் வேர்த்து, எல்லா ஜன்னலும் மூடியிருந்தது. மாமாவை எழுப்பினேன். தட்டினோம். பதில் இல்லை. மாமா வீல் ஸ்பேனரை எடுத்து வந்து கதவில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்குக் குளிரே தெரியவில்லை.

கதவு திறந்தது. அந்தப் பையன் அப்படியே சரிந்து பனியில் விழுந்து வாந்தி எடுத்தான். உள்ளே இருந்த டிரைவரை ரெண்டு பேருமாக வெளியே இழுத்துப் போட்டோம். ஒரு சர்தார்ஜி ஓடிவந்து கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். ரொம்ப நேரம் கழித்து அந்த ஆள் கண் திறந்து, தலையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, "வண்டி நகருதா?" விடிந்ததும் ராணுவ வண்டி ஒன்றில் ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டார்கள்.

இத்தனைக்கும் இதற்கு வழி இல்லாமல் இல்லை. குளிர் நாடுகளில் லாரிக்கென்று சின்ன டீசல் ஹீட்டர் இருக்கிறது. இன்ஜின் ஓட வேண்டாம். மணிக்குக் கால் லிட்டர் போதும். புகையைக் குழாய் வைத்து வெளியே தள்ளிவிடும். நம் நாட்டில் 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் லாரிகளுக்கு கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது புது லாரிக்குத்தான். நிறுத்தின லாரிக்கு எரியும் டீசல் யார் கணக்கு என்று அதில் எழுதவில்லை.

ரெண்டு ராத்திரியும் ஒரு பகலும் கழித்து ரோடு திறந்தது. சங்ககிரியில் கணக்கு முடித்தபோது நானும் கூட இருந்தேன். டீசல் பதினெட்டு லிட்டர் அதிகம்.

ஓனர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "நின்ன வண்டி எப்படிப்பா டீசல் குடிக்கும்?"

சொல்லியிருக்கலாம். எங்கள் கல்பாக்கத்தில் 1985-லிருந்து ஒரு சின்ன சோதனை உலை இருக்கிறது. அதில் சூட்டைக் கடத்துவது தண்ணீர் இல்லை, திரவ சோடியம். 98 டிகிரிக்குக் கீழே போனால் கட்டியாகிவிடும். அதனால் உலை நின்றிருந்தாலும் குழாய்க்குச் சூடு காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கரண்டு பில்லை எந்த விஞ்ஞானி பேட்டாவிலும் பிடிப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சொல்லவில்லை. மாமா என் தொடையைக் கிள்ளிவிட்டார். 1,620 ரூபாயைப் பேட்டாவில் கழித்துக்கொண்டார்கள்.

மாமா இன்னமும் அந்த ரூட்டில் போய்க்கொண்டுதான் இருக்கிறார். காஷ்மீர் எல்லையில் லக்கன்பூர் வந்ததும் எனக்கு ஒரு போன் வரும். லோடு, ரோடு எல்லாம் பேசிவிட்டு வைக்கிற நேரத்தில் நான் கேட்பேன்.

"ஜன்னல் எவ்ளோ மாமா?"

"ரெண்டு விரல், மாப்ள."